பன்னெண்டு நாள் அவதி

போஸ்ட் கார்டில் இருந்தது இரண்டே வரி.

'ஏட்டி ருக்கு, இந்த வாரம் ஒனக்கு ஏவல்: ஒங்க அய்யன் முன்னால நாற்காலியில உக்காரு. சாட்சி அனுப்பு.'

நாற்காலியில் உட்காருவது ஒரு பெரிய காரியமா என்று கேட்கிறவர்கள், எழுபதுகளில் கேரளத்து முதலமடைப் பக்கம் ஒரு தமிழ்த் தோப்புக்காரர் வீட்டில் பெண்ணாகப் பிறந்து பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கை வைத்த தேக்கு நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதில் அய்யன் உட்காருவார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். மாமரம் பூக்கிற சமயத்தில் தோப்பைக் குத்தகை பேச வருகிற வியாபாரி உட்காருவார். அந்த ஆளுக்குத் தன் பெயரை எழுத வராது. வாய் நிறைய வெற்றிலை, வேட்டி நிறைய லாரி மசகு. அவர் உட்காரலாம். எட்டாம் கிளாஸில் மூன்று தடவை குப்புற விழுந்த என் அண்ணன் உட்காரலாம். பக்கத்துச் சித்தூர் காலேஜில் பி.ஏ. முடித்துவிட்டு வந்த நான் உட்கார்ந்தால் மட்டும் நாற்காலிக்கு ஆகாதாம்.

உட்கார்ந்தேன்.

அய்யன் தோப்பிலிருந்து வந்தார். செருப்பை வாசலில் விட்டார். துண்டை உதறி முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்து கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது. அவர் சட்டையிலிருந்து மாம்பூ வாசம் வந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவர் அடுக்களைப் பக்கம் திரும்பி, "இந்தா, அந்தப் புள்ளைக்குக் காலுகீலு நோவுதான்னு கேளு" என்றார்.

ஆத்தா ஓடி வந்தாள். "ஏ அம்மிணி, எந்திரி சாமி, எந்திரி!" என்று தோளைப் பிடித்து இழுத்தாள். நான் மனசுக்குள் ஐம்பது எண்ணிவிட்டுத்தான் எழுந்தேன். சாட்சிக்கு, நாற்காலிப் பின்னலிலிருந்து ஒரு துண்டுப் பிரம்பைப் பிய்த்துக் கவரில் போட்டு, கார்டு வந்த சக்குபள்ளத்துக்கு அனுப்பினேன்.

இப்போது செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேலஞ்சு என்று சொல்லித் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறார்கள். அதற்கு ஊரெல்லாம் கைதட்டு. ஒரே ஒரு நாற்காலியில் ஐம்பது எண்ணும்வரை உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஏவினவள்

கார்டு எழுதினவள் பேச்சியம்மாள். அவள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கேரளத்து மலையில் ஏலக்காய்க் காட்டுக்குப் பிழைக்கப் போனது. அவளுடைய அப்பா சக்குபள்ளத்தில் ஒரு தோட்டத்தில் கங்காணி. மாமா சித்தூரில் தையற்கடை வைத்திருந்ததால், அவர் வீட்டில் தங்கி எங்கள் காலேஜில் படித்தாள்.

முதல் நாளே சண்டை. "எங்க ஊட்டுல" என்று நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஊடா? தறியில போடுவாங்களே, அந்த ஊடா?" என்றாள்.

"நீ மட்டும் என்ன? சொல்லுதேன், நில்லுதேன், கொல்லுதேன்னுட்டு. ஓலைப்பாயில மழை பேஞ்ச மாதிரி!"

"ஏ சவத்து மூதி!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவ்வளவுதான். மூன்று வருஷம் ஒரே பெஞ்சு.

அவள் தமிழ் வேறு, என் தமிழ் வேறு. ஆனால் இரண்டு பேருக்கும் ஆபீஸ் வார்த்தை, பள்ளிக்கூட வார்த்தை எல்லாம் மலையாளம். லீவு என்று எங்கள் வாயில் வராது, விடுமுறை என்று சொன்னால் எங்களுக்கே சிரிப்பு வரும். மலையாளத்து அவதிதான். ஓணம் அவதி, சனிக்கிழமை அவதி, மழை அவதி. குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்று சொல்லிச் சொல்லி, காலேஜில் அதுவும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

இது தெரியாமல் கும்பகோணத்திலிருந்து ஒரு தமிழ் சார் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர், ரொம்ப ஒல்லி, வகுப்புக்கு வரும்போதே மேல்சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வருவார். அவர் வந்த ஒரு வாரத்தில் பியூன் நோட்டீஸோடு உள்ளே வந்து, "நாளெ எல்லாவர்க்கும் அவதி" என்று உரக்கப் படித்தார்.

சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிற்று. "எல்லாருக்கும் அவதியா? ஏன், என்ன நடந்தது? ஏதாவது வியாதி பரவுதா?" என்றார்.

வகுப்பே உருண்டது. பேச்சி டெஸ்க்குக்கு அடியில் போய் உட்கார்ந்து சிரித்தாள். நான் அதோடு விடவில்லை. ஒரு மாசம் அவர் வராந்தாவில் போகும்போதெல்லாம் அவர் காதில் விழுகிற மாதிரி, "ஐயோ, நாளைக்கு எனக்கு என்ன அவதியோ!" என்று கையைப் பிசைந்து காட்டுவேன். பெரிய தமிழ் சாராம், அவதிக்கு அர்த்தம் தெரியவில்லையாம். எனக்கு இருந்த கொழுப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அழுதவள் தோற்றவள்

படிப்பு முடிந்து அவரவர் ஊருக்குப் போனோம். அவளுக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. எனக்கு வேலைக்குப் போக உத்தரவு கிடைக்கவில்லை. வடு மாங்காய் ஊறப்போடுவதற்கும், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் பி.ஏ. தேவைப்பட்டது போலும்.

பிரிந்த அன்றைக்கே விதிகள் பேசி வைத்தோம். வாரம் ஒரு கார்டு. அதில் ஒரு ஏவல். ஏவினால் செய்தே தீரணும், சாட்சி அனுப்பணும். 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுகிறவளை நாலு வாரம் தள்ளி வைக்கணும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, அதைச் சொன்னவள் பேச்சி: "கஷ்டம், நஷ்டம்னு மூக்கைச் சிந்தக் கூடாது. அழுதவ தோத்தவ."

நான் அவளை, தோட்டத்து ரைட்டர் முன்னால் ஒரு நாள் முழுக்கக் கேள்வியாகவே பேச வைத்தேன். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில்தான் அங்கே தபாலும் கொடுப்பார்கள். அந்த ரைட்டர் கார்டு எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கொடுப்பாராம். அதனால் அவருக்கு அன்றைக்கு எல்லாம் தெரிந்தே போயிற்று. "எங்கிட்ட வெளையாடுதியா?" என்றாராம். "நான் வெளையாடுவேனா?" என்றாளாம் இவள்.

அவள் என்னை, பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு மாப்பிள்ளையிடம், "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமுங்களா?" என்று கேட்க வைத்தாள். கேட்டேன். அந்த வரன் அதோடு போயிற்று. அவனுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் அண்ணன் கார்டை வாங்கி எழுத்துக்கூட்டி, "ஒனக்கு ஏவல்" என்று உரக்கப் படித்துவிட்டான். அவ்வளவுதான், வீடு அல்லோகலப்பட்டது. "அய்யோ, என்ற புள்ளைக்கு மலையில இருந்து எவளோ ஏவல் வெச்சிருக்காளே! அதான் நாற்காலியில ஏறி உக்காந்திருக்குது!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். பில்லி, சூனியம், ஏவலுக்கு எங்கள் பக்கத்தில் ஆட்களுக்குப் பஞ்சமா? கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்து, வேப்பிலை அடித்து, என் கையில் ஒரு தாயத்தைக் கட்டிவிட்டு, சேவல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்.

பேச்சியின் அடுத்த கார்டு: 'அந்தத் தாயத்த ஒங்க ஆட்டுக்குக் கட்டு.' கட்டினேன். ஆடு அதைத் தின்றுவிட்டது. ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வீட்டில் அந்தக் கார்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை தபால்காரர் வரப்பில் திரும்புகிறதைப் பார்க்கிறவரை எனக்கு வாரமே தொடங்காது. அப்படிப்பட்ட கார்டில் ஒன்றைத்தான் நான் தப்பாகப் படித்தேன்.

ஆடி மாதத்துக் கார்டு

ஆடி வந்தது. முதலமடைக்கு ஆடி என்றால் காற்று. மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்ளும், எங்களுக்குப் புழுதி மட்டும் வரும். சோற்றில் மண், தலையில் மண். அந்த வாரம் வந்த கார்டு எனக்கு மனப்பாடம்.

'ஏட்டி ருக்கு, மழை. பன்னெண்டு நாளா அவதி. படுத்தே கெடக்கேன். வீட்டுக்குள்ளயே வெள்ளம். இந்த வாரம் ஒனக்கு ஏவல்: நீ இங்க வா.'

எழுத்து வேறு கோணல் மாணலாகச் சரிந்து கிடந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குக் காலையில்தான் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து, என்னை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், மாடு பிடிக்க வந்தவர்கள் மாதிரி. இங்கே நான் இப்படிக் கிடக்க, அங்கே அவளுக்குப் பன்னெண்டு நாள் மழை அவதி! சம்பளத்தோடு! போதாக்குறைக்கு வீட்டுக்குள்ளேயே வெள்ளமாம், குழாய் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. நாங்கள் ஆழக் கிணற்றில் இறைத்துக் கை காய்த்துக் கிடக்கிறோம். மகாராணி படுத்துக்கொண்டே கார்டு எழுதுகிறாள், எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறதே! அதுவும் நான் போகணுமாம். பஸ் ஏற எனக்கு யார் உத்தரவு கொடுப்பார்கள்? பொறாமை. வேறு பேர் எதற்கு, பொறாமைதான்.

பதில் எழுதினேன்: 'அவதி வாங்கிட்டுப் படுத்துக் கெடக்கற சீமாட்டிக்கு இந்த வார ஏவல்: இன்னும் மூணு நாள் படுக்கையை விட்டு எந்திரிக்கப்படாது. சோறு, தண்ணி எல்லாம் அடுத்தவங்க கொண்டாந்து ஊட்டோணும். சாட்சி அனுப்பு.'

அடுத்த வாரம் வந்தது: 'ஏவல் முடிஞ்சுது. மூணு நாள் என்ன, எந்திரிக்கவே இல்ல. சோறு ஊட்டுனது அம்மா. சாட்சி: கம்பவுண்டர் கையெழுத்து. எம் ஏவல் இன்னும் கெடக்கு. நீ இங்க வா.' கீழே நிஜமாகவே ஒரு கம்பவுண்டரின் கையெழுத்து, தோட்டத்து டிஸ்பென்சரி முத்திரையோடு.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாருங்கள், கம்பவுண்டரைக்கூட மயக்கி முத்திரை வாங்கிவிட்டாள்! உடனே இன்னொரு கார்டு: 'பலே. அப்படியே ஓணம் வரைக்கும் கெட. காலு மேல காலு போட்டுக்க.'

ஒரு டிஸ்பென்சரி முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்க எவ்வளவு புத்தி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணனை நான் மட்டி, மக்கு என்று வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அவன் எட்டாம் கிளாஸ் மக்கு. நான் பி.ஏ. மக்கு.

எங்க ஊர் அவதி

அந்த வாரமே சர்டிபிகேட் வாங்க அண்ணனோடு சித்தூருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் கும்பகோணம் சார் நின்றுகொண்டிருந்தார். அதே கழுத்துப் பொத்தான், கையில் ஒரு குடை.

எனக்குக் குறும்பு போகவில்லை. பையில் இருந்த இரண்டு கார்டையும் எடுத்து, "பேச்சி அங்க என்ன கூத்தடிக்கறா பாருங்க சார்" என்று நீட்டினேன்.

சார் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு முதல் கார்டைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மறுபடி முதல் கார்டைப் படித்தார். சிரிக்கவில்லை.

"போய்ப் பார்த்தியாம்மா?" என்றார்.

"யாரைங் சார்?"

"அந்தப் பொண்ணை. பன்னெண்டு நாளா அவதிப்படறேன்னு எழுதியிருக்காளே. வீட்டுக்குள்ள வெள்ளம் புகுந்திருக்கு. எழுந்திருக்க முடியாம கிடக்கிறா. வா, வான்னு ரெண்டு தரம் கூப்பிட்டிருக்கா."

"இல்லீங் சார், அது அவதிங்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கார்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "இது உங்க அவதி இல்லம்மா. எங்க ஊர் அவதி."

பஸ் ஸ்டாண்டு இரைச்சல் எல்லாம் எங்கோ போயிற்று. கோணல் எழுத்து, ஊட்டிய அம்மா, கம்பவுண்டர், முத்திரை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அடித்தன. புகார் சொல்லக் கூடாது என்று விதி போட்டவள், ஒரே ஒரு வார்த்தையில் தன் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறாள். தமிழ் தெரிந்த எந்த முட்டாளும் அதைச் சரியாகப் படித்திருப்பான். மலையாளம் கலந்து பேசுகிற அதிபுத்திசாலி நான்தான் அதை லீவு என்று படித்தேன். காலு மேல காலு போட்டுக்க என்று வேறு எழுதியிருக்கிறேன், பாவி.

பக்கத்தில் அண்ணன், "அப்ப அந்தப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்ளா சார்?" என்று கேட்டான். அவனுக்கே புரிந்துவிட்டது.

மறுபடி நாற்காலி

வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாரும் ஏவவில்லை.

அய்யன் வந்தார். துண்டை உதறினார். பார்த்தார். இந்தத் தடவை அடுக்களைப் பக்கம் திரும்பவில்லை. "இப்பவும் காலு நோவுதா?" என்று என்னிடமே கேட்டார். அந்த வீட்டில் அவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"எனக்கில்லீங்கய்யா. பேச்சிக்கு" என்றேன். காலா, கையா என்றெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வாயில் வந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னேன்.

அவர் நின்றுகொண்டே கேட்டார். கடைசியில் அண்ணனைப் பார்த்து, "நாளைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாடா" என்றார். "பொட்டப்புள்ளையப் படிக்க வெச்சா லெட்டராச்சும் படிக்கும்னு பார்த்தேன்" என்று முனகிக்கொண்டே கால் கழுவப் போனார்.

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக அன்றைக்குத் தமிழ்நாட்டை முக்கால்வாசி சுற்ற வேண்டும். பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம், அப்புறம் மலை ஏறிக் குமுளி. அண்ணன் வழி நெடுக முறுக்கு தின்றான், வழி நெடுகப் புலம்பினான். குமுளி தாண்டினதும் மழை. கண்ணாடி இல்லாத பஸ்ஸில் தார்ப்பாய்த் திரையை இறக்கிவிட்டார்கள். இருட்டுக்குள் ஏலக்காய் வாசமும் ஈரச் சாக்கு வாசமும் வந்தது.

பேச்சி லயத்தில் வேறொருவர் வீட்டில் கிடந்தாள். லயம் என்பது தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுக்கிற ஒற்றை அறை வீடுகள். கட்டின துரை ஊருக்குப் போய் எத்தனையோ வருஷம், அதற்கப்புறம் யாரும் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு அப்பியதில்லை. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறினபோது, பள்ளிக்கூட ரிஜிஸ்டரை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். பின்சுவர் ஊறிச் சரிந்து காலில் விழுந்தது. இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதி வைத்த ஒரு நோட்டைக் காப்பாற்ற ஒரு கால்! தோட்டத்து மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, ரிஜிஸ்டர் நனையவில்லையே என்று பாராட்டிவிட்டுப் போனாராம்.

தொடை வரைக்கும் மாவுக்கட்டு. முகம் பாதியாகி, கண் மட்டும் பெரிசாக இருந்தது. கட்டிலைச் சுற்றி நாலு பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "இனி இந்தப் புள்ளைய எவன் கட்டுவான்? ஐயோ பாவம்!" என்று உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் வருவார்களாம். அடுத்தவள் காலை ஒடித்துக்கொண்டு கிடந்தால் நம் ஜனங்களுக்கு அதைவிடத் திருவிழா உண்டா?

என்னைப் பார்த்ததும் பேச்சி முகம் மலர்ந்தது. "ஏட்டி! ஒரு ஏவல முடிக்க இத்தன வாரமா?" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். நின்ற இடத்திலேயே, மூக்கைச் சிந்தி, அசிங்கமாக அழுதேன்.

"அழுதுட்டல்லா? தோத்துட்டட்டி நீ!" என்று கைகொட்டிச் சிரித்தாள். பிறகு தலையணைக்கு அடியில் கையை விட்டு என்னுடைய இரண்டு கார்டையும் எடுத்தாள். ஈரத்தில் மை ஊறியிருந்தது. நாலு பெண்களும் கேட்கும்படி, "இந்தா பாருங்க" என்றாள். "நீங்க எல்லாரும் வந்து, நான் செத்தேன்னு நெனச்சு ஒப்பாரி வச்சீக. இவ ஒருத்திதான், விசயம் தெரிஞ்சும், எந்திரிக்காத, காலு மேல காலு போட்டுக்கன்னு எழுதுனா. அதப் படிச்சுப் படிச்சு நான் சிரிச்சிருக்கேன். இவ எழுதுன நாள்லதான் எனக்குச் சோறு எறங்குச்சு. என்ன மனுசியா நெனச்சவ இவ ஒருத்திதான்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாதுடி, லீவு என்று நினைத்தேன், உன் மேல் பொறாமையில் எழுதினேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்ற அண்ணன் வாயைத் திறந்தான். "இவளுக்கு எங்கீங்க..." என்று ஆரம்பித்தான். நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன். முறுக்கு கீழே விழுந்தது. அவன் என்னைப் பார்த்தான், பேச்சியைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். அவன் ஆயுசில் புத்தியாக நடந்துகொண்ட ஒரே தருணம் அது. அதற்கு வட்டியாக, என் கல்யாணம் ஆகிறவரை அவன் சட்டைக்கெல்லாம் நான்தான் இஸ்திரி போட்டேன்.

சாட்சி

பேச்சியின் கால் கூடிற்று. கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பாள். டீச்சராகவே இருந்து ரிட்டயர் ஆனாள். அந்த உச்சுக்கொட்டிப் பெண்கள் எவன் கட்டுவான் என்றார்களே, அதே கம்பவுண்டர் கட்டினார். முத்திரை சும்மா குத்தவில்லை மனுஷர்.

இப்போது அவள் கம்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். கார்டு போய்ப் போன் வந்தது, ஏவல் மட்டும் போகவில்லை. அவள் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும், என்னை நடுவில் உட்கார வைத்துப் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுவாள். "எல்லாரும் அழுதாக, இவ ஒருத்திதான் வெளையாடுனா." நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தெரியாமல் வந்த பெயரை ஐம்பது வருஷமாக வெட்கமில்லாமல் தின்றுகொண்டிருக்கிறேன். உண்மை தெரிந்த அண்ணனும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான். இனி யாரும் சொல்லப் போவதில்லை என்று எனக்கு நிம்மதிகூட வந்தது. அப்படிப்பட்ட ஜென்மம் நான்.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரை அவள் விடாமல் படிக்கிறாள். போன வாரம் போனில் சொன்னாள்: "ஏட்டி, வாரா வாரம் எல்லாரையும் கிழிகிழின்னு கிழிக்க. ஒங்க அண்ணன விட்டியா, ஒங்க சம்மந்தி வீட்ட விட்டியா? இந்த வாரம் ஒனக்கு ஏவல்: ஒன்னயக் கிழிச்சு எழுது பாப்போம். நீ செஞ்ச கேவலம் ஒண்ணே ஒண்ணு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். தான் என்ன கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

எழுதிவிட்டேன், பேச்சி. எனக்குத் தெரியாதுடி. தெரிந்து நான் விளையாடவில்லை. உன் அவதியை நான் லீவு என்று படித்தேன்.

ஏவல் முடிந்தது. சாட்சி, இந்தப் பக்கம். இனி என் முறை. இந்த வாரம் உனக்கு ஏவல்: நீ இங்கே வா. அய்யனுடைய நாற்காலி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஒரு பிரம்பு குறைவாக. நின்றால் உனக்குக் காலு நோவும். உட்கார்ந்து திட்டு.